தங்கம் தூக்கிய கை

அன்றைக்கு முதலில் கை தூக்கியது தங்கம்தான். அதை யாரும் மறுக்க முடியாது, அவளும் மறுக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே அவளுடைய வலது கை விறுக்கென்று மேலே போய்விட்டது. வழக்கமாக யூனியன் கூட்டத்தில் அவள்தான் கடைசி ஆள். எல்லோரும் தூக்கி முடித்த பிறகு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தோளுக்கு மேலே போகாமல் ஒரு கை தூக்குவாள். அப்படிப்பட்டவளே முதலில் தூக்கிவிட்டாள் என்றால் விஷயம் நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எதற்குத் தூக்கினோம் என்பது மறுநாள் காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தங்கத்துக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். புருஷன் சிவஞானம் ஒரு மத்திய அரசு ஆபீஸின் கேன்டீனில் சமையல்காரர். கேன்டீன் என்றதும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீஸுக்கு உள்ளேயே இருக்கும் அந்தக் கேன்டீன்காரர்களும் அரசாங்க ஊழியர்கள்தான். சம்பளம் உண்டு, பென்ஷன் உண்டு, கோல் மார்க்கெட் பக்கத்தில் சுவரெல்லாம் உப்புப் பூத்த ஒரு குட்டிக் குவார்ட்டர்ஸும் உண்டு. சிவஞானம் ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தவர்தான், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. மகன் பிரதீப் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு வேலை என்று ஒரு சலுகை அரசாங்கத்தில் இருக்கிறது. இருக்கிறதே தவிர, வரிசையும் நீளமாக இருக்கிறது. இடம் காலியில்லை என்று ஆபீஸில் கையை விரித்தார்கள். அப்போது யூனியன் செக்ரட்டரி வாசுதேவன் ஒரு காரியம் செய்தார். டீ கொடுப்பதை நிறுத்தச் சொன்னார். முழுக் கட்டடத்துக்கும் டீ கிடையாது, மாடியில் இருக்கும் பெரிய அதிகாரிக்கும் கிடையாது. டெல்லி ஜனவரிக் குளிரில் டீ இல்லாமல் ஃபைல் நகருமா? கொஞ்ச நாளில் தங்கத்துக்குக் கேன்டீன் கவுன்டரில் வேலை கிடைத்தது. வாசுதேவன் தஞ்சாவூர்ப் பக்கம். ஆனாலும் அவள் தன் ஊர் வழக்கப்படி அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அது ஏதோ பதவிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, இந்திக்காரர்களும் ‘அண்ணாச்சிஜி’ என்று கூப்பிடுகிறார்கள்.

யூனியன் செய்ததெல்லாம் நியாயம் என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை. ஆளே வராத ஞாயிற்றுக்கிழமைக்கு ஓவர்டைம் வாங்கியவர்களும் அதே யூனியனில் இருந்தார்கள். ஆனால் தங்கத்திடம் யூனியனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிட்டு அவள் கையால் டீ வாங்க முடியாது.

அந்தக் கேன்டீனில் முன்பெல்லாம் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவராக ரிட்டயர் ஆக ஆக, அந்த இடங்களில் ஆளைப் போடவில்லை. இப்போது பெர்மனென்ட் ஆட்கள் ஆறு பேர், காலி இடம் ஐந்து. மிச்ச வேலையைக் கான்ட்ராக்ட் ஆட்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி சிந்து. டெல்லியிலேயே, திரிலோக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பன்னிரண்டாவது பாஸ். இந்தியும் இங்கிலீஷும் படிப்பாள், தமிழ் பேச மட்டும் தெரியும். டீ போடும் பெரியவர் ரிட்டயர் ஆன பிறகு அவருடைய அடுப்பில் நின்றது சிந்துதான். அவள் போடும் இஞ்சி டீக்காகப் பக்கத்துக் கட்டடத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். வேலை அந்த இடத்து வேலை, சம்பளம் மட்டும் கான்ட்ராக்டர் எப்போது தருகிறாரோ அப்போது.

அந்தக் காலி இடத்துக்கு என்றைக்காவது விளம்பரம் வரும், அப்போது மனுப் போடலாம் என்று சிந்து காத்திருந்தாள். வயது வரம்பு தாண்டுவதற்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

இனிமேல் அந்தக் கூட்டத்துக்கு வருவோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜையெல்லாம் துடைத்த பிறகு வாசுதேவன் வந்தார். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று இந்தியில் பேசினார். அதுவும் ஆபீஸ் இந்தி. தங்கத்துக்குத் தெரிந்தது ஐ.என்.ஏ. மார்க்கெட் இந்தி. முருங்கைக்காய் முற்றலா இளசா என்று சண்டை போட அந்த இந்தி தாராளமாகப் போதும். வாசுதேவனின் இந்தியோ தலைக்கு மேலேயே பறந்தது. ‘பாஞ்ச்’ என்றது காதில் விழுந்தது. பாஞ்ச் என்றால் ஐந்து. ‘சரண்டர்’ என்றது விழுந்தது. ‘பெனிஃபிட்’ என்றதும் விழுந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் சர்க்கார் வேலை பார்க்கும் எந்த வீட்டில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், சரண்டர் என்றால் என்ன என்று. எடுக்காத லீவை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்வதற்குப் பெயர்தான் சரண்டர். தங்கத்தின் தம்பி சுரேஷ்குமார் ஊரில் வாத்தியார். அவன் வீட்டு ஃபிரிட்ஜ் சரண்டர் பணத்தில் வந்தது, கிரைண்டர் சரண்டர் பணத்தில் வந்தது. டெல்லியில் நமக்கு அந்த மாதிரி இல்லையே என்று தங்கத்துக்கு நெடுநாள் குறை. யூனியன் போராடி அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். ஐந்து நாள் லீவு, அதற்குப் பணம். கை தானாக எழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் அடுப்படியில் சிந்துவிடம் அந்தச் சந்தோஷத்தைச் சொன்னாள்.

"ஏட்டி சிந்து, இனிமே எங்களுக்கும் சரண்டர் உண்டு தெரியுமா? லீவ வித்துக்கிடலாம்."

சிந்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லீவ் இல்ல ஆன்ட்டி. போஸ்ட்."

"என்ன போஸ்ட்டு?"

"காலியா இருக்கற அஞ்சு போஸ்ட்டும். மத்லப், அதாவது, அதை கவர்ன்மென்ட்டுக்கே திருப்பிக் குடுத்துட்டீங்க. இனி அந்த போஸ்ட்டே கிடையாது. அதுக்கு பதிலா உங்க ஆறு பேருக்கும் கிரேடு ஏத்துவாங்க. சூப்பர்வைசர் நேத்தே சொல்லிட்டாரு."

தங்கம் கையில் இருந்த சில்லறை டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அப்பம் ஒன் டீ போஸ்ட்டு?"

"அதுவும்தான்." இஞ்சியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு சிந்து மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான் ஃபர்ஸ்ட் கை தூக்கினீங்களாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் பாட்டுக்கு டீயை வடிகட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தங்கம் அன்று காலையில் இரண்டு பேருக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள்.

மத்தியானம் நேரே வாசுதேவன் மேஜைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நேத்து நான் தூக்குன கைய எறக்கணும்."

"என்னது?"

"கைய எறக்கணும். தெரியாமத் தூக்கிட்டேன். சரண்டர்னு சொன்னீகளே, நான் லீவுன்னுல்லா நெனச்சேன்."

வாசுதேவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"தங்கம்மா, ஊர்ல சரண்டர் வேற, இங்க வேற. இத்தனை வருஷமா இங்கதானே இருக்கே?"

"சிரிச்சு முடிங்க. நான் நிக்கேன்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். அவளை உட்காரச் சொன்னார். வாசுதேவன் கெட்ட மனிதர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"நான் சொல்றதைக் கேளு. அந்த அஞ்சு இடமும் எவ்வளவு காலமா காலியா கிடக்கு? ஆள் போட்டானா? நாம கம்முனு இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள்ல அவனே அழிச்சிடுவான். சும்மா போகப்போறதைக் குடுத்து உங்க ஆறு பேருக்கும் ஒரு படி மேல வாங்கித் தரேன். மேல என்ன சொல்றான்னா, செலவு ஒரு பைசா கூடக் கூடாதாம். ஒரு பக்கம் ஏத்தினா இன்னொரு பக்கம் குறைச்சுக் காட்டணும். அதுக்குப் பேரே மேட்சிங் சேவிங்."

"அப்பம் எனக்கு ஏறப்போறது அந்தப் பிள்ள எடத்துல இருந்தா?"

"அது அவ இடம் இல்லம்மா. காலி இடம்."

"காலி எடத்துல யாரு நின்னு டீ போடுதா?"

வாசுதேவன் பேனாவை மூடித் திறந்தார். "சிந்து நல்ல பொண்ணுதான். ஆனா நம்ம மெம்பர் இல்லையே, தங்கம்மா. நான் மெம்பருக்குத்தானே பேச முடியும்?"

தங்கம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு கூட்டம் போடுவதாக அவர் சொல்லும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். விதிப்படி மனுக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்கும் அவள் அசையாததைப் பார்த்துவிட்டு, "சரி, விடு, நானே கூப்பிடறேன்" என்றார்.

வீட்டில் பிரதீப்பிடம் சொன்னாள். அவன் குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, கவர்ன்மென்ட் எதுக்கும்மா டீ போடணும்? எங்க ஆபீஸ்ல மிஷின் இருக்கு, பட்டனைத் தட்டினா வருது."

"அந்த டீயக் குடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்ததும் காப்பி கேக்கியோ?"

"அது வேற. எங்க டாக்ஸ்லதானே இதெல்லாம் ஓடுது? எங்க ஆபீஸ்ல யூனியனே கிடையாது. வேண்டாம்னா ஒரு மெயில் வரும், பையைத் தூக்கிட்டு வந்துடணும்."

"அது நல்லாவாலே இருக்கு?"

பிரதீப் கொஞ்சம் யோசித்தான். "நல்லா இல்ல. ஆனா செலவு இல்ல." பிறகு சட்னியைத் தொட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னான். "உங்க யூனியன் பண்ணினது என்ன? உள்ள இருக்கறவங்க கதவைச் சாத்திட்டாங்க. ஆள் குறைஞ்சாச்சு, செலவு குறையலை. வெளிய நிக்கறவ நின்னுட்டே இருக்கணும். இதுக்கு எங்க கம்பெனியே தேவலை, எல்லாரையும் ஒரே மாதிரி தொரத்தும்."

"போதும். தின்னுட்டுத் தட்ட எடுத்து வை."

அதட்டினாளே தவிர, அவன் சொன்னது உள்ளே போய்த் தைத்துவிட்டது. உங்கப்பன் செத்தப்போ எனக்குக் கதவைத் திறந்ததும் இதே யூனியன்தானடா என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அன்று திறந்த கதவை இப்போது சாத்தியதும் தன் கைதானே என்று தோன்றியது. சொல்லாமல் தோசைக்கல்லைத் துடைத்தாள்.

நிர்வாகம் பார்க்கும் அதிகாரி ராஜாராமன். தமிழர், கறார் ஆசாமி, ஆனால் மரியாதை தெரிந்தவர். அடுத்த நாள் அவருடைய டீயைத் தங்கமே கொண்டுபோனாள்.

"வாங்கம்மா. கவுன்டரை விட்டுட்டு நீங்க வந்திருக்கீங்களே?"

"சார், அந்த அஞ்சுல ஒண்ணு மட்டும் கொடுக்காம நிப்பாட்ட முடியுமா? டீ போடுத எடம்."

ராஜாராமன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஃபைலைப் பார்க்காமலே பேசினார்.

"முடியும். யூனியன் கடிதம் இன்னும் எங்கிட்ட வரலை. ஆனா நாலு இடத்தைக் குறைச்சா வர்ற மிச்சம் அஞ்சு பேருக்குத்தான் பத்தும். ஆறாவது ஆளுக்கு கிரேடு குடுக்க நான் எங்கேருந்து எடுப்பேன்?"

"ஆறாவது ஆளு நானா இருந்துட்டா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "அவசரப்படாதீங்க. இது மாசச் சம்பளத்தோட நிக்காது, பென்ஷன் வரைக்கும் வரும். அப்புறம் இன்னொண்ணு. அந்த இடம் சிந்துவுக்குன்னு என்னால சொல்ல முடியாது. விளம்பரம் வரும், தகுதி இருக்கற யார் வேணும்னாலும் எழுதலாம். அது என் வீட்டு இடமும் இல்ல, உங்க வீட்டு இடமும் இல்ல."

"அவ எழுதலாம்லா?"

"எழுதலாம்."

"அது போதும் சார்."

போதும் என்று சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கி வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டேதான் வந்தாள். அவள் ஒன்றும் சாமியாரம்மா இல்லை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகன் வைத்துக்கொள்வான், ஆனால் மகன் வீட்டில் கையில் கொஞ்சம் தெம்போடு இருப்பது வேறு, வெறுங்கையோடு இருப்பது வேறு. அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கவுன்டரில் உட்கார்ந்து கூப்பன் கிழித்துக்கொண்டே அதையெல்லாம் யோசித்தாள். எதிரே சிந்து, ஒரு பெரிய சாரிடம் சர்க்கரை குறைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கப்பை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. தங்கத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அந்த ஒன்றைத்தான் தங்கத்தால் தாங்க முடியவில்லை. பென்ஷன் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

கூட்டம் மறுபடியும் கூடியது. தங்கம் எழுந்து நின்றாள். அவளுடைய மார்க்கெட் இந்தியிலேயே பேசினாள். "மேரா ஹாத் வாபஸ்" என்று ஆரம்பித்தாள். என் கை திரும்ப வேண்டும் என்று அர்த்தம். சமோசாவைத் திருப்பிக் கொடுப்பவர்கள் சொல்லும் மாதிரி இருந்ததால் எல்லோரும் சிரித்தார்கள். ராம்நிவாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேன்டீனில் இனிப்பும் பூரியும் போடுகிறவர், அடுத்த வருஷம் ரிட்டயர். கிரேடு ஏறினால் பென்ஷனும் ஏறும் என்று சின்ன மகள் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தார்.

"தூக்கின கை தூக்கினதுதான் பெஹன்ஜி," என்று இந்தியில் உறுமினார். பெஹன்ஜி என்றால் சகோதரி. "இதைக் கிளறினா எல்லாருக்கும் போயிடும். என் வீட்டில வந்து நீங்க பதில் சொல்லுவீங்களா?"

"உங்களுக்குப் போகாது அண்ணே. யாருக்கும் போகாது. என்னோடது மட்டும் வேண்டாம்."

அதை அவள் இந்தியில் சொன்ன லட்சணத்தில் யாருக்கும் புரியவில்லை. ராஜாராமன் சொன்ன கணக்கை அவளிடம் முன்பே கேட்டுவைத்திருந்த வாசுதேவன்தான் எழுந்து விளக்கினார். நாலு இடத்தைக் கொடுப்பது, டீ போடும் இடத்தை வைத்துக்கொள்வது, தங்கத்தைத் தவிர ஐந்து பேருக்கு கிரேடு.

ராம்நிவாஸுக்கு இது இன்னும் கோபத்தை மூட்டியது. மற்றவர்கள் ஒரு படி ஏற பெஹன்ஜி கீழேயே நின்றாள் என்று ஊர் பேசும், அந்தக் கெட்ட பெயர் எங்களுக்கு எதற்கு என்றார். பேச்சு நீண்டது. கடைசியில் வாசுதேவன், ஆறாவது ஆளுக்கும் கிரேடு வேண்டும் என்று யூனியன் கேட்டுக்கொண்டே இருக்கும் என ஒரு வரி சேர்த்தார். கேட்டுக்கொண்டே இருப்பதற்கு யூனியனைவிட்டால் யார் இருக்கிறார்கள்! இந்தத் தடவை தீர்மானத்தை ஒவ்வொரு வார்த்தையாக முதலில் இந்தியில் சொன்னார், பிறகு தங்கத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக, சுவரைப் பார்த்துக்கொண்டு, ராம்நிவாஸும் தூக்கினார்.

வெளியே சிந்து கப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கம் விஷயத்தைச் சொன்னாள்.

"என் பேர் எழுதியிருக்கா?"

"இல்லட்டி. பரீட்ச வைப்பாக."

"எத்தனை பேர் எழுதுவாங்க?"

"ஊரே எழுதும்."

சிந்து தட்டைத் தொப்பென்று வைத்தாள். "அர்ரே, அப்ப நீங்க எதுக்கு உங்களுதை விட்டீங்க? நான் கேட்டேனா ஆன்ட்டி? கிடைக்கலைன்னா நான் உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எப்பமும் போல முழி. ஒனக்குன்னு நான் விடல. போஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். வாங்குதது ஒன் சாமர்த்தியம்."

"படிக்க டைம் எங்க இருக்கு? ஈவினிங் கப் எல்லாம் கழுவி முடிச்சு பஸ் ஏறவே ராத்திரி ஆயிடுது."

"கப்ப நான் கழுவுதேன். நீ கிளம்பு."

சிந்து முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பென்றால் நக்கல் சிரிப்பு. "நீங்க கழுவக் கூடாது ஆன்ட்டி. கவுன்டர்ல இருக்கறவங்க கவுன்டர் வேலை மட்டும்தான் பாக்கணும்னு உங்க யூனியன்தானே போர்டு மாட்டி வெச்சிருக்கு? பெரிய சண்டை போட்டு வாங்கின ரூலாம்."

"போர்டு செவத்துல இருக்கு. தொட்டி இங்கன இருக்கு. நீ பையத் தூக்கு."

அவளைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, தங்கம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் வாசுதேவன் கடைசி டீ குடிக்க வந்தவர், கவுன்டரில் ஆள் இல்லாததைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டி நிறையக் கப்புகள். முழங்கை வரை நுரையோடு தங்கம்.

"தங்கம்மா, இந்த ரூலை நாம எப்படி வாங்கினோம்னு உனக்குத் தெரியுமா? அன்னைக்கு வெயில்ல தர்ணா உக்காந்தோம்."

"தெரியும் அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டையில தெறிக்கும்."

அவர் தள்ளி நின்றார், கொஞ்சம்தான். அடுப்பில் மிச்சமிருந்த டீயைத் தானே ஊற்றிக்கொண்டு, அங்கேயே நின்று குடித்து முடித்தார். குடித்த கப்பை வழக்கம்போல் அவள் பக்கம் நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.